தாத்தாவின் பங்கு

என் அண்ணி ஹவுனானி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விடுமுறை வந்தால் கயாக் என்ற ஒற்றை ஆள் படகைக் காரின் மேல் கட்டிக்கொண்டு மகாஹா கடற்கரைக்குப் போய்விடுவாள். ஆண்களே தனியாகப் போகத் தயங்கும் ஆழத்துக்குப் பாடிக்கொண்டே துடுப்புப் போடுவாள். அவள் பிறந்த வீட்டுக்குச் சுறாதான் குலதெய்வம். செத்துப்போன பெரியவர்கள் சுறாவாகப் பிள்ளைகளுக்குத் துணை வருவார்கள். எங்கள் வீட்டுக்கு ஆந்தை.

"ஒங்க ஆந்தை கடல்ல வந்து என்னத்தக் கிழிக்கும், லோகே?" என்று என்னைச் சீண்டுவாள்.

தன் பேத்தியின் முதல் பிறந்தநாள் விருந்துக்குச் சூரை மீன் தன் பொறுப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். முந்தின நாள் ஆளுக்கொரு கயாக்கில் போனோம். கிட்டத்தட்ட அவள் எடைக்கே ஒன்று மாட்டியது. கொக்கிக் கம்பால் இழுத்து, வாலில் கயிறு போட்டுக் கயாக்கோடு கட்டினாள். மேலே தூக்கிப் போட முடியாது. கரைவரை இழுத்துத்தான் போகவேண்டும். கறி கெடாமலிருக்க அங்கேயே செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டாள்.

கரைக்குப் பாதி தூரம் வந்திருப்போம். அவள் பின்னால் ஒரு துடுப்பு நீளத்தில் சுறாவின் முதுகுச் செட்டை எழுந்தது.

"அண்ணி, கயித்த அறு!"

"சும்மா இருடி. தாத்தா பங்கு கேக்க வந்திருக்காரு." மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எறிந்தாள். "இந்தாங்க தாத்தா. மிச்சம் எள்ளுப்பேத்திக்கு."

அது விழுங்கியது. போகவில்லை. கயாக்கின் அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. அண்ணி நாளைய விருந்தைப் பற்றி, யார் யார் வருகிறார்கள் என்று அதனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அண்ணி, ஒங்க தாத்தாவுக்கு என்ன அடையாளம்?"

"செட்டை நுனி பிஞ்சிருக்கும். எங்கம்மா பாத்திருக்காங்க."

"இதுக்கு முழுசா இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். சூரை வெள்ளை வயிறு தெரியப் புரண்டு, மெல்ல ஆழத்துக்குப் போனது.

சுறா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கயாக்கை உரசிக்கொண்டே வந்தது.

"லோகே, கால உள்ள இழுத்துக்க," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அடிமணல் தெரியும் இடம்வரை அது கூடவே வந்தது.

மறுநாள் கரையில் நடந்த விருந்தில் கோழிதான். அவளுடைய சித்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "தாத்தாவப் பாத்தியா?"

"பாக்கல, சித்தி."

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் வழக்கப்படி குழந்தையின் கால்களைக் கடலலையில் நனைக்கத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஹவுனானி வழியில் போய் நின்று, குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை.