மூன்று நிற இலை

ஏப்ரல் கடைசி ஞாயிறு. வடக்குச் சுவரின் நிழலில் மண்டியிட்டு, மிஹாருவும் அவள் அப்பா தொகுசோவும் நிழலில் வளரும் கிபோஷி என்ற இலைச்செடி ஒன்றை இரண்டாகப் பிரித்தார்கள். அவள் வேரைக் கழுவினாள். அவர் கத்தியைத் தீயில் காட்டினார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

“பாலம் சோதிக்கிற இன்ஜினியரு! ஆடாம புடி.”

“ஆடுறது உங்க கைதாம்பா.”

“சந்தோஷத்துல ஆடுதுடி!”

தொகுசோ முப்பத்தெட்டு வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். யார் வீட்டு நிழலிலாவது இலையில் கோடு தெரிந்தால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மேப்பிள் மரத்தடியில் நூற்றுப்பத்துத் தொட்டிகள் சேர்ந்தது அப்படித்தான்: வெள்ளைக் கரை, மஞ்சள் வயிறு, நீலம் கலந்த பச்சை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெறும் பச்சைச் செடியில் திடீரென்று ஒரு முளை. பொன்னிறக் கரை, பச்சை, நடுவே வெள்ளைத் தீக்கொழுந்து. உடனே மகளுக்குப் போன்.

“மூணு நிறம்! கெளம்பி வா!”

“அப்பா, பாலத்துக்கு அடியில தொங்கிட்டிருக்கேன்.”

“தொங்கிக்கிட்டே கேளு!”

இப்படி வரும் நிறம் எந்த வருடமும் பச்சைக்குத் திரும்பிவிடலாம். அதனால் ஊரில் கிபோஷி வளர்ப்பவர்களின் சங்கத்தில் ஒரு விதி. மூன்று வருடம் அதே இலை வரவேண்டும். பிறகு இன்னொருவர் தோட்டத்திலும் அப்படியே வரவேண்டும். அதற்குப் பிறகுதான் செடிக்குப் பெயர்.

முன்பு ஒருமுறை பேராசையில், மிக வெளுத்த முளையை மட்டும் அவர் வெட்டி வைத்தார். பச்சை இல்லாத இலையால் தன் சாப்பாட்டைத் தயாரிக்க முடியாது. ஆகஸ்டுக்குள் அழுகிவிட்டது. சங்கத்தில் இருந்த முடிதிருத்துபவர் உனோகி அதைச் சொல்லிக் கேலி செய்வதை விடவேயில்லை. “தொகுசோ, உன் வெள்ளை மகாராணி சௌக்கியமா?”

இந்த முறை இரண்டு பாதியிலும் பச்சை இருக்கும்படி வெட்டினார்.

மே ஒன்பதாம் தேதி மறுபடி போன்.

“விரிஞ்சிடுச்சு! மூணாவது வருஷம்! கரை நாலு மில்லிமீட்டர், போன வருஷமும் நாலு!”

“அளந்தீங்களா?”

“ஸ்கேல் வச்சு அளந்தேன். உன் அப்பன்டி!”

“இன்னொரு பாதி யாருக்கு?”

“வேற யாருக்கு? உனோகிக்குத்தான். அவன் தோட்டத்துல வந்தாத்தான் அவன் வாய் அடைக்கும். காலையிலேயே கொண்டுபோறேன்.”

மறுநாள் விடிந்ததும் வாசற்படியில் அவர் இதயம் நின்றது. எழுபத்து நான்கு வயது.

இறுதிச் சடங்கில் ஊதுபத்தி வைத்துவிட்டு உனோகி அவள் பக்கம் சாய்ந்தார்.

“இலை... விரிஞ்சிச்சாம்மா?”

“விரிஞ்சிச்சு. அப்படியே.”

“பாவி, ஜெயிச்சுட்டான்!” அழுதுகொண்டே சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு மிஹாரு கொட்டகைக்குப் போனாள். சைக்கிள் கூடையில் செய்தித்தாள் சுற்றிய தொட்டி, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அட்டையில் அப்பாவின் கையெழுத்து: “உனோகிக்கு. பச்சையும் இருக்கு, பயப்படாதே.”