பயிருக்குள் நின்ற குதிரை

தொடங்கிய எதையும் முடிக்காதவன் என்று எனக்கு வீட்டில் நல்ல பெயர். ஆர்மோனியம், கராத்தே உடை, மாடித் தோட்டத்துக்கு வாங்கிய பைகள் எல்லாம் பரணில் இருக்கின்றன. எண்ணெய் வண்ண ஓவியம் பழகப் போகிறேன் என்றதும் என் மனைவி பரணை அண்ணாந்து பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும்.

பொன்னேரியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பழைய மேதைகளின் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால்தான் கை பழகும் என்றார் ஆசிரியர். பூனையோ பூசணிக்காயோ எடுத்திருக்கலாம். ஆசை யாரை விட்டது! கவசம் போட்ட ஐரோப்பிய ராஜா குதிரைமேல் போகும் படத்தை எடுத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்ப்பது கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில். அங்கே அடித்த பெயிண்ட் சூட்டு அறைக்குள் போய் வெளியே வரும்போது காய்ந்திருக்கும். இங்கே ராஜாவின் மூக்கு ஒரு வாரம் கழித்தும் விரலில் ஒட்டியது. ஃபேனைப் போட்டால் தூசி, நிறுத்தினால் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நாற்றம். ஆனாலும் கவசத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்ததும் அது இரும்பாகப் பளபளத்ததே, அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவே மனமில்லை.

ராஜா வந்துவிட்டார். குதிரையின் கால்கள் வரவில்லை. கட்டம் போட்டு அளந்தும் கட்டில் கால்களாகவே வந்தன. விட்டுவிடும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. அப்போதுதான் ஓர் உபாயம் தோன்றியது. கால்களை மறைத்து, குதிரையின் வயிறு வரைக்கும் நெற்பயிர் வரைந்தேன். எங்கள் பக்கத்தில் தினமும் பார்ப்பதுதானே, மஞ்சள் கதிர்கள் சாய்ந்து பிரமாதமாக வந்தன. கையெழுத்துப் போட்டு ஹாலில் மாட்டினேன்.

"பரவால்லீங்க, முடிச்சிட்டீங்களே!" என்றாள் மனைவி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே மாமனார் வந்தார். நெல் விவசாயி. சோற்றில் கை வைத்தவர், படத்தையே பார்த்தார்.

"இன்னா மாப்ள இது? அறுப்புக்கு நிக்கிற பயிருல குதிரைய உட்டுக்கினு, ஒருத்தன் ஜம்முனு மேல குந்திக்கினு கீறான்?"

"ராஜா, மாமா."

"எந்த ஊரு ராஜாவா இருந்தா இன்னா? மொதல்ல எறங்கச் சொல்லு."

மனைவி சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

முடித்துவிட்டதாக மனைவியே ஒத்துக்கொண்ட படம், அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அதன் பிறகு எனக்குப் பயிர் தெரியவில்லை, அதற்குள் நான் ஒளித்த கால்கள்தான் தெரிந்தன. வெட்கமாக இருந்தது. படத்தைக் கழற்றினேன். நல்ல வேளையாக உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. கத்தியால் சுரண்டி, டர்பன்டைனில் நனைத்த துணியால் மொத்த விளைச்சலையும் துடைத்தேன்.

கால்களை மறுபடி ஆரம்பித்தேன். தரையில் ஊன்றிய மூன்றும் சுமாராக வந்துவிட்டன. மடக்கித் தூக்கிய முன்னங்கால் மட்டும் பிடிகொடுக்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கலாம், குதிரைக்கு அது செல்லாது. வரைவதும் அழிப்பதுமாக ஞாயிறுகள் போகின்றன.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தார். ஹாலில் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஊட்டுக்காரரு இதையும் பாதில உட்டுட்டாரா?" என்று கேட்டார். உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன்.

"இல்லக்கா," என்றாள் மனைவி. "வரைஞ்சிக்கினு கீறாரு."