சொய்லா ஊசி போட்ட நாய்கள்

காலை பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. மேசையில் ஒரு பெட்டை நாய் மயக்கத்தில் கிடந்தது. அதன் வயிற்று மயிரை மழித்துக்கொண்டிருந்தேன். சொய்லாவின் பக்கத்து வீட்டுக்காரி தெல்ஃபினா வாசலில் நின்று சொன்னாள்: "டாக்டரம்மா, சொய்லா போயிட்டா. அடுப்பு பத்தவைக்கக் குனிஞ்சவ அப்படியே சரிஞ்சுட்டா."

அந்த நாயை முந்தின நாள் மாலை கொண்டுவந்து விட்டதே சொய்லாதான். கைகளைக் கழுவிவிட்டு வயிற்றைக் கீறினேன். வேறென்ன செய்வது?

சொய்லா தோவாபாந்தா, எங்கள் அம்பாத்தோ நகரச் சந்தையில் உருளைக்கிழங்கு அடை சுட்டு விற்றவள். தனி ஆள். பிறந்த நாய்க்குட்டிகளை ஊரார் சாக்கில் கட்டிப் பள்ளத்தில் எறிவதை அவளால் பொறுக்க முடியாது. எங்கள் மேட்டுத் தெருக்களில் எந்தப் பெட்டை நாய்க்குப் பருவ ரத்தம் கண்டாலும், உரமும் கால்நடை மருந்தும் விற்கும் கடையில் கருத்தடை ஊசி வாங்கிப் போய்ப் போட்டுவிடுவாள். கடைக்காரர் எதுவும் கேட்கமாட்டார். இங்கே அப்படித்தான்.

அவளுடைய பெர்லா மொட்டைமாடியை விட்டு இறங்காத நாய். அதற்கும் ஊசி போட்டாள். சில வாரங்களில் அதன் வயிறு பெருத்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தது.

"மாடிக்கு எந்தக் கடுவன் ஏறி வந்தான்? பரிசுத்த ஆவியா?" என்று தெல்ஃபினா கேலி செய்தாள்.

"வாயைக் கழுவுடி. ஊசி கேக்கல, அவ்ளோதான்."

சொய்லா பழைய போர்வையை விரித்து, கோழிச்சாறு காய்ச்சி வைத்து, குட்டிகளுக்காகக் காத்திருந்தாள். பெர்லா சாற்றை முகர்ந்துகூடப் பார்க்காதபோதுதான் என்னிடம் தூக்கிவந்தாள்.

"குட்டி சிக்கிக்கிச்சு போல, டாக்டரம்மா."

குட்டி எதுவும் இல்லை. கருப்பை முழுக்கச் சீழ். கருப்பை வாய் மூடியிருந்ததால் ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. அறுவையில் அதைக் கிழியாமல் எடுத்துவிட்டேன். ஆனால் நஞ்சு முன்பே ரத்தத்தில் கலந்திருந்தது. மறுநாள் பெர்லா செத்தது.

"எதனால வந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் கருத்தடை ஊசியே கருப்பையில் சீழ் பிடிக்க வைக்கும் என்றேன். ரத்தம் காணும் சமயத்தில் போடுவது இன்னும் ஆபத்து என்றும் சொன்னேன்.

பெர்லாவின் உடலைத் தன் சால்வையில் சுற்றினாள். பிறகு, "இந்தத் தெரு நாய் எல்லாத்துக்கும் நான்தானே போட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த நாய்களைச் சீழ் பிடிக்குமுன் அறுவைக்குக் கொண்டுவருவதே அவள் வேலையானது. சந்தைக்கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வீடுவீடாக ஏறி இறங்கினாள்.

"அப்போ ஊசியோட வந்தே, இப்போ கத்தியோட வர்றியா?" என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. பஞ்சர் கடைக்காரர் செகுந்தோ, "கர்ப்பப்பையை எடுத்துட்டா நாய் காவல் காக்காது, கொழுத்துத் தூங்கும்" என்றார்.

"சீழ் பிடிச்சா எந்திரிக்காமலே தூங்கும்யா!"

அறுவை நடக்கும்போது அவள் உட்காரமாட்டாள். எடுத்த கருப்பையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டச் சொல்வாள். அது மெலிந்து, சுத்தமாக இருந்தால் சிலுவை போட்டுக்கொண்டு அடை சுடப் போய்விடுவாள். இருமுறை கிண்ணத்தில் சீழ் இருந்தது. அந்த நாய்கள் பிழைத்தன; ஆனால் அவள் அன்று கடை திறக்கவில்லை.

இன்று மாலை அவள் உடலருகே சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவள் ஊசி போட்ட நாய்களில் அறுவைக்குப் பாக்கி ஒன்றுதான். கெஞ்சிக் கெஞ்சிக் கடைசியில் செகுந்தோவையும் சம்மதிக்க வைத்திருந்தாள். வரும் வெள்ளிக்கிழமை நாயைக் கூட்டிவருவதாக இருந்தாள். அவருடைய நாய் சொய்லாவைத் தவிர யாரையும் கழுத்தில் கயிறு மாட்ட விடாது. அது இன்னும் பஞ்சர் கடையில்தான் இருக்கிறது.