கரையிலிருந்து இழுத்த தெப்பம்

ஏரியில் ராஃப்டிங் என்று விளம்பரம் போட்டவனை யாராவது ஒருநாள் வந்து உதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போட்டவன் நான்தான். கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கூடாரம் அடித்து, சென்னைப் பிள்ளைகளைச் சனி ஞாயிறுகளில் வரவழைத்து வயிறு வளர்க்கிறேன். அதற்கு முன்னால் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் சென்னையில் எனக்கு ஒரு குடும்பம் இருந்தது.

அங்கிருந்துதான் போன் வந்தது. மகளின் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை கேம்ப் அழைத்துப் போக இடம் தேடுகிறார்களாம். "தெரிஞ்சவங்க இடம்னு சொல்லி உங்க நம்பரைக் கொடுத்திருக்கேன்," என்றாள் அவள் அம்மா. "கேம்ப் முடிஞ்சதும், அவ இஷ்டப்பட்டா லீவு முடியற வரைக்கும் உங்ககூட இருக்கட்டும். அவ இஷ்டப்பட்டா மட்டும்." பிரிந்த பிறகு நான் கேட்காமலே அவள் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

மகளை நான் பார்ப்பதே எப்போதாவது ஒரு தடவை, ஏதாவது ஒரு ஹோட்டலில், ஐஸ்கிரீம் தீரும் வரைக்கும். அவள் என் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அதனால் நான் செய்த கூத்தைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. புது மெத்தை, கொசுவலை, நிலைக்கண்ணாடி எல்லாம் வாங்கினேன். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பெயின்ட் கடைக்காரன் எரிச்சலாகும் வரை அவனோடு நின்று பேசினேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. "நான் உங்க பொண்ணுனு யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா. ப்ளீஸ்." அந்த வயசுப் பிள்ளைகளுக்கு அப்பன் என்றாலே வெட்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அழுக்கு லுங்கியில் சுற்றுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். சரிம்மா என்று பதில் போட்டுவிட்டு, நல்ல பேன்ட் ஒன்றைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டேன்.

பஸ்ஸிலிருந்து எல்லாரும் முதுகில் சின்னப் பையோடு இறங்கினார்கள். அவள் மட்டும் சக்கரம் வைத்த பெரிய பெட்டியை வரப்பில் தடுக்கித் தடுக்கி இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. ரெண்டு நாளைக்கு எவளும் அத்தனை துணி எடுத்து வரமாட்டாள். கிட்டே வந்து என் முகத்தைப் பார்க்காமலே, "அங்கிள், வாஷ்ரூம் எங்க?" என்று கேட்டாள். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

பிள்ளைகளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. சிக்னல் இல்லை, ஏசி இல்லை, பாத்ரூமில் பல்லி. தூரத்தில் மலையைக் காட்டினால், "ஓகே அங்கிள்," என்றார்கள். இருட்டியதும் நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார வைத்தேன். அவர்களோடு வந்திருந்த டீச்சர் ஒரு விளையாட்டு ஆரம்பித்தார். இப்போது சிக்னல் கிடைத்தால் முதலில் யாருக்குப் போன் பண்ணுவாய் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு, அம்மாவுக்கு என்றே வந்தது. என் மகளும் அம்மாவுக்கு என்றாள்.

"எல்லாருமே அம்மாவா? அப்பாங்க பாவம்டா," என்று ஒரு பையன் சிரித்தான்.

என் மகளின் தோளில் சாய்ந்திருந்த சிநேகிதி சட்டென்று நிமிர்ந்தாள். "அவ முன்னாடி அதைப் பேசாதடா. அவ அப்பா செத்துட்டார், தெரியும்ல?"

நான் அப்போது வேர்க்கடலை வேகவைத்த குண்டானிலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். கொதி நீர் காலில் கொட்டியது பிறகுதான் தெரிந்தது. மகள் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் கடலை கொடுத்து முடித்த பிறகு டீச்சர் என்னிடம் வந்து, "ஸாரி சார், ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுலயே அப்பா தவறிட்டாராம்," என்றார்.

"அப்படியா, பாவம்," என்றேன். வேறு என்ன சொல்லித் தொலைப்பது?

விடிந்ததும் ராஃப்டிங். தீபத் திருவிழா முடிந்து குளத்தில் சாமி வலம் வருமே, அந்தத் தெப்பத்துக்கு டிரம் கட்டுகிற ஆள்தான் எங்கள் ராஃப்டைக் கட்டியவர். அவருக்கும் எனக்கும் தெரிந்த மிதவை அது ஒன்றுதான். அடியில் டிரம், மேலே மூங்கில், நடுவில் பலகை, முன்னால் வடம். தெப்பத்தில் சாமி துடுப்பு போடாது, கரையிலிருந்து ஜனங்கள்தான் இழுப்பார்கள் என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. பிள்ளைகள் நாலு பக்கமும் உட்கார்ந்து துடுப்பு போட்டார்கள். அது நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது.

"அங்கிள், இதுக்குப் பேரு ராஃப்டிங்கா?"

"ஆட்டம் ஜாஸ்தியானா கவுந்துடும், சும்மா உக்காருங்க," என்று கத்திவிட்டு வடத்தைத் தோளில் போட்டுக் கரையோரமாக இழுத்தேன். மகள் நடுப்பலகையில், லைஃப் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். மெரினாவில் அலை வரும்போதெல்லாம் என் காலைக் கட்டிக்கொள்வாள். அது இங்கே யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. முழங்கால் ஆழம் வந்ததும் ஒவ்வொருவராகக் குதித்து, இட்லி வாசனை வந்த பக்கம் ஓடினார்கள். சேற்றில் கால் வைக்க அஞ்சி அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீரில் இறங்கி, வடத்தைச் சுருக்கிச் சுருக்கி அவளைக் கிட்டே இழுத்தேன். ரெண்டு நாளில் அப்போதுதான் நாங்கள் தனியாக இருந்தோம்.

"காலுக்கு மருந்து போட்டீங்களாப்பா?" என்றாள்.

நான் வடத்தைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். "அது கிடக்கட்டும். பெரிய பெட்டியா எடுத்துட்டு வந்திருக்கியே?"

"இருக்கலாம்னுதான் வந்தேன். பஸ்ல வரும்போதுதான் யோசிச்சேன். இவங்ககிட்ட என்ன சொல்லிட்டு இங்க இருக்கறது? யாரோ ஒரு அங்கிள் வீட்ல தனியா இருக்கப்போறேன்னா சொல்ல முடியும்?"

"உண்மையைச் சொல்லிடேன்மா."

"ஸ்கூல் மாறினப்போ எல்லாரும் அப்பா எங்க, அப்பா எங்கனு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. செத்துட்டார்னு சொன்னேன், அப்புறம் யாரும் கேக்கல. இப்ப எப்படி மாத்தறது? நேத்து பேசினாளே, என் ஃப்ரெண்டு. வருஷா வருஷம் உங்க நினைவு நாளுக்கு என்கூட கோயிலுக்கு வர்றா. அன்னிக்கு அவளும் நான்வெஜ் சாப்பிட மாட்டா. அவகிட்ட போய் என்னனு சொல்லுவேன்?"

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. "எந்த நாள் அது?" என்று கேட்டேன்.

அவள் பலகையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "நீங்க வீட்டைவிட்டுப் போனீங்களே, அந்த நாள்."

கரையிலிருந்து சிநேகிதி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் எழுந்து நின்றாள். சேறு படாமல் அவளைத் தூக்கிக் கரையில் விடலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் சிநேகிதி ஓடிவந்து கை கொடுத்தாள். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பஸ் கிளம்பும்போது அந்தப் பெரிய பெட்டியை நான்தான் தூக்கி ஏற்றினேன். நல்ல கனம். ஒரு மாசத்துக்கு இருக்கலாம் என்று எடுத்து வைத்திருப்பாள் போல. ஜன்னலெல்லாம் கை நீண்டு, "பை அங்கிள், பை அங்கிள்," என்று ஒரே சத்தம். கடைசி ஜன்னலில் அவளும் கை காட்டினாள்.

பக்கத்தில் சிநேகிதி பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் நானும் ஒரு அங்கிள் காட்டும் அளவுக்கே கை காட்டிவிட்டு இறக்கிக்கொண்டேன்.