கம்மாயை நிரப்பியவர்

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்க் கம்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பல வருஷமாகக் கருவேலம் மட்டுமே விளைந்த கம்மாய். அதை நம்பி எனக்கும் ஒரு ஏக்கர் கிடக்கிறது. அருப்புக்கோட்டையில் அப்போதே பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் கம்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையில் உள்ளூர்ச் செல்போன் கடைக்காரர் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு, கஞ்சி போட்ட சட்டை. நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் திரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் பெய்வித்த மழையில் நனைந்துவிட்டது போலும்.

“தண்ணி எங்கய்யா?”

“அது ஏஐ தண்ணி அண்ணாச்சி. நாந்தேன் செஞ்சேன். எம்புட்டுப் பேரு லைக் போட்டாக! நேர்ல வந்தது நீங்க ஒருத்தர்தேன்.”

“பொய் சொல்லலாமாய்யா?”

“மழை வரும்னு டிவியில தெனம் சொல்றாகளே, அவுகளப் போய்க் கேட்டீகளா?”

என் மூஞ்சியைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, என்னை அங்கேயே நிறுத்திப் படம் எடுத்தார். இரண்டே நிமிஷத்தில் முழங்கால் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். வாட்ஸ்அப்பில் இப்போது என் முகப்புப் படம் அதுதான். திருப்பூரிலிருந்து தம்பி கூப்பிட்டு, “விதைச்சாச்சாண்ணே?” என்கிறான். படத்தை மாற்றத்தான் மனசு வரவில்லை.