கண்ணுக்குப் போன சுகம்

எங்கள் ஞாயிறு ஆராதனை கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் நடக்கும். பாஸ்டர் சிங்களத்தில் பேசுவார், பக்கத்தில் ஒரு தம்பி நின்று தமிழில் சொல்லுவார். பாஸ்டர் வேகம் பிடித்தால் தம்பியும் வேகம் பிடிக்க வேண்டும். இரண்டு பேருடைய சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். சிங்களம் வந்ததெல்லாம் துணிக்கடையில் நின்று நின்றுதான். ஆனாலும் தம்பி வாய் திறக்குமுன் பாதி விளங்கிவிடும்.

எனக்கு இடது காது போய்விட்டது. முதலில் இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. கிளினிக்கில் டாக்டர் நரம்பு என்றார், வலது காதையும் அடிக்கடி காட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே இரண்டு காதும் போன வாழ்க்கையை முழுசாக வாழ்ந்து முடித்துவிட்டேன். கடையில் வெள்ளைச் சட்டை கேட்டவருக்குப் பிள்ளைச் சட்டையை எடுத்து விரித்தபோது முதலாளி ஏசவில்லை. "நீங்க இனி உள்ளுக்கு இருந்து உடுப்பு மடிச்சா நல்லம்" என்றார், மெதுவாக. உள்ளுக்கு அனுப்பப்பட்டவர்கள் பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைக் காதைச் சுற்றிப் பூசிப் பூசித் தலையணை உறையெல்லாம் கறை.

மதினி அப்படி ஒன்றும் செய்யவில்லை. மதினி என்றால் என் அண்ணன் பெண்சாதி. அம்பிட்டியவில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வளவில்தான். அவருக்கு ஒரு கண் எப்போது பார்த்தாலும் சிவந்து நீர் வடியும், வெயில் பட்டால் எரியும். சொட்டு மருந்து விட மறந்துவிடுவார். ஆராதனைக்குப் பிந்தி வருவார், பிரசங்கத்தில் தூங்குவார். அப்படிப்பட்ட மனுஷி.

அன்றைக்குப் பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், இங்கே இருக்கிற ஒரு சகோதரியின் "கன சுவ வெனவா" என்று. சிங்களத்தில் கன என்றால் காது. காது சுகமாகிறது! என் நல்ல காதை மேடைப் பக்கம் வைத்துத்தான் எப்போதும் உட்காருவேன், தெளிவாகக் கேட்டேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பப் போகிறேன், அதற்குள் தம்பி சொல்லிவிட்டார்:

"ஒரு சகோதரியுடைய கண் சுகமாகுது! எழும்புங்க!"

கண்ணா? கன என்றல்லவா சொன்னார்? அல்லது எனக்குத்தான் பிழையாகக் கேட்டதா? அரைச் செவிடி நான் எதை நம்புவது? இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த மதினி எழும்பி, என் முழங்காலை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டார்.

அவருக்குச் சுகம் கிடைத்தது. பொய் இல்லை. அந்த வாரத்துக்குள் சிவப்பு வடிந்து, கண் சின்னப் பிள்ளையின் கண் மாதிரி வெளுத்தது. அடுத்த ஞாயிறு சாட்சி சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னார். சனங்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் கை தட்டினேன். வளவில் அவர் வெயிலைப் பார்த்துக்கொண்டு உடுப்புக் காயப் போடுவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

"ஒனக்கு விசுவாசம் பத்தாது புள்ள," என்பார், என் காதுக்குள் கத்தி. "நீ ஜெபிக்கயிலயும் கவலதான் படுற."

பொறுக்க முடியாமல் ஒருநாள் ஆராதனை முடிந்ததும் தம்பியை மாடிப்படியில் மறித்தேன்.

"தம்பி, அன்னைக்கி பாஸ்டர் கனன்னுதானே சொன்னாரு? காதுன்னுதானே?"

அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார், பிறகு முகம் மாறிவிட்டது. "ஐயோ அக்கா. கனன்னுதான் சொன்னாரு. எனக்கு அவசரத்துல கண்ணுன்னு வந்துருச்சி. அந்தக்கா சாட்சி சொல்லயிலதான் எனக்கே வெளங்குச்சி. நல்லதுதானே நடந்திருக்கு, விட்டுருங்கக்கா."

யாருக்கு நல்லது?

நேரே மதினியின் குசினிக்குப் போனேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். "அது என்னோட சுகம் மதினி. எனக்குன்னு வந்தத நீங்க எடுத்துக்கிட்டீங்க."

சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் துருவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏன்டி, தப்பாச் சொன்னதுக்கு எழும்புன எனக்கே கெடச்சிருச்சே. சரியாக் கேட்ட நீ ஏன் எழும்பல?"

"நான் கேட்டது சரியான்னு..."

"பாரு! கர்த்தர் கூப்புடுறாரு, இவ சரியா பிழையான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா!" அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. பிறகு அவரே முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார், தேங்காய்ப்பூ கன்னமெல்லாம் ஒட்டியது. "வா, இந்த ஞாயித்துக்கிழம நான் ஒன்ன எழுப்புறேன்."

அந்த ஞாயிறு பாஸ்டர் முழங்கால் வலிக்காரரைக் கூப்பிட்டார். சிங்களத்தில் சொன்னதும் முழங்காலைத்தான், தமிழில் சொன்னதும் முழங்காலைத்தான், ஒரு குழப்பமும் இல்லை. மதினி என் விலாவில் குத்தினார். "எழும்பு!"

"முழங்கால் மதினி!"

"இருந்தா என்ன? எனக்கு மட்டும் கண்ணையா கூப்புட்டாங்க? போடி!"

தள்ளிய தள்ளில் நான் நொண்டிக்கொண்டு நின்ற இரண்டு ஆச்சிமாருக்குப் பின்னால் போய் நின்றேன். பாஸ்டர் எந்த முழங்கால் என்று கேட்டார். காது என்றேன். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. உள்ளங்கையை என் இடது காதில் அழுத்தி நெடுநேரம் ஜெபித்தார். உள்ளங்கைச் சூடு தெரிந்தது. அவ்வளவுதான்.

அம்பிட்டிய பஸ்ஸில் மதினி வேண்டுமென்றே என் இடது பக்கம் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவருடைய மூச்சு என் காது மடலில் பட்டது. ஏதோ சொல்லுகிறார். நான் வெளியே பார்த்தபடியே இருந்தேன். திரும்பவும் மூச்சுப் பட்டது. நான் திரும்பி, இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்காகத்தான் அழுதார், அது எனக்குத் தெரியும். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பார்த்தது அந்தக் கண்ணைத்தான். அத்தனை கண்ணீருக்கும் அது கொஞ்சமும் சிவக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.