வலது காதும் ஆல்ட்டோ வரிசையும்

கர்த்தர் எனக்குச் செஞ்ச நன்மையை எழுதிக் குடுங்கன்னு எங்க ஆயர் மூணு தடவை கேட்டாருங்க. ரெண்டு தடவை தட்டிக் கழிச்சேன். ஏன்னா அதைச் சொல்லணும்னா நான் செஞ்ச தப்பையும் சேர்த்துச் சொல்லியாகணும். இப்பச் சொல்லிப்போடறேன்.

என் பேரு தேவராஜ். சிங்காநல்லூர்ல ஒரு பம்ப்செட் ஒர்க்‌ஷாப்புல வேலை. மோட்டாரோட பாகங்களைப் பூட்டி முடிச்சதும் கடைசியா டெஸ்டிங்குக்கு எங்கிட்டத்தான் வரும். ஓட விட்டு, சித்த நேரம் காது குடுத்துக் கேப்பேன். பேரிங்குல கோளாறு இருந்தா சத்தத்துலயே தெரிஞ்சுபோகும். சபையில நான் கொயர் மாஸ்டர். இருபத்திரண்டு பேரு, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ்னு மேலருந்து கீழ வரைக்கும் நாலு குரல்ல பாடுவாங்க. யாரு எந்த இடத்துல சுருதி விட்டாங்கன்னு கண்ணை மூடிட்டே சொல்லுவேன். எனக்குச் சோறு போட்டதும் காது, சபையில பேர் வாங்கிக் குடுத்ததும் காது. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம்னா பொய். நெறையவே பெருமை.

மூணு வருஷத்துக்கு முந்தி, அக்டோபர் மாசம், ஒரு திங்கக்கிழமை காலையில ஒர்க்‌ஷாப்புலருந்து போன் வந்துச்சு. எடுத்து வலது காதுல வெச்சேன். ஒண்ணும் கேக்கல. லைன் சரியில்லைன்னு நெனச்சு நாலு தடவை ஹலோ ஹலோன்னு கத்துனேன். தற்செயலா இடது காதுக்கு மாத்தினேன். அந்தப் பக்கம் பேசறவர் தெளிவாப் பேசிட்டு இருந்தாரு. வலது காதுக்குள்ள கடல் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் ஓடிட்டு இருந்துச்சு.

தண்ணி போயிருக்கும்னு நெனச்சேன். மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்துனேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை நான் சரின்னு சொல்லி அனுப்புன மோட்டார் ஒண்ணு திரும்பி வந்துச்சு. பேரிங் போயிருந்துச்சு. பதினெட்டு வருஷத்துல எனக்கு அப்படி ஆனதே இல்லீங்க. முதலாளி திட்டல. "என்ன தேவராஜு, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" ன்னு மட்டும் கேட்டாரு.

வியாழக்கிழமை சாயங்காலம் கொயர் பயிற்சி. ஆல்ட்டோ பாடறவங்க எனக்கு வலது பக்கம் நிப்பாங்க. நான் பாட்டை நிறுத்தி, "ஆல்ட்டோ, ஏன் பாட மாட்டீங்கறீங்க?" ன்னு சத்தம் போட்டேன். அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நல்லாத்தான் பாடிட்டு இருந்திருக்காங்க. அதை எங்கிட்டச் சொல்றதுக்கு அங்க யாருக்கும் தைரியம் இல்ல. அப்படித்தான் நான் அவங்களை வெச்சிருந்தேன்.

இந்த இடத்துல ஜெபராணியைப் பத்திச் சொல்லணும். நகரத்துல ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில, காது கேக்குதான்னு டெஸ்ட் பண்ற வேலை அவங்களுக்கு. நாள் பூரா நின்னு வேலை செஞ்சுட்டு, ரெண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வருவாங்க. ஆல்ட்டோவுல நின்னாங்க. அப்பப்பச் சுருதி இறங்கிரும். ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் எனக்குப் பொறுமை போயிருச்சு. இருபத்தொரு பேரு முன்னால, "அம்மணி, நீங்க பாட வேண்டாம். வாயை மட்டும் அசைச்சாப் போதும்" ன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரு சிரிச்சாங்க. ஜெபராணி புஸ்தகத்தை மூடி, ஆர்கன் மேல வெச்சுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் பயிற்சிக்கு வரல. ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வந்து, நாலாவது பெஞ்சுல உக்காந்துட்டுப் போவாங்க. நான் கூப்புடவும் இல்ல, மன்னிப்புக் கேக்கவும் இல்ல. கொயர் தரமா இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

சனிக்கிழமைதான் எங்க ஊட்டுக்காரி ரோஸ்லின்கிட்டக் காது விசயத்தைச் சொன்னேன். அவ பயந்துபோய், "ஏனுங்க, அஞ்சு நாளா வாயைத் தெறக்காம இருந்தீங்களா? கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" ன்னா. நான் மாட்டேன்னுட்டேன். கிறிஸ்துமஸ் கீத ஆராதனை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். உண்மை என்னன்னா எனக்குப் பயம். காது போச்சுன்னு டாக்டர் வாயால கேட்டுட்டா, வேலையும் போச்சு, கொயரும் போச்சு. கேக்காம இருந்தா இன்னும் ஒண்ணும் போகலைங்கற மாதிரி ஒரு நெனப்பு.

ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் முட்டி போட்டோம். எனக்கு வார்த்தை வரல. சபையில நீட்டி நீட்டி ஜெபம் பண்றவன் நான். அன்னிக்கு, "ஆண்டவரே, எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, யாரையாவது அனுப்புங்க" ன்னு மட்டும் சொன்னேன். அழுதேன். மனசுக்கு ஆறுதல் எல்லாம் ஒண்ணும் வரல. எந்திரிச்சு, சட்டையை மாட்டிட்டுப் போனேன்.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்து செருப்பைப் போட்டுட்டு இருந்தேன். ஜெபராணி நேரா எங்கிட்ட வந்தாங்க. ரெண்டு மாசமா பேசாதவங்க.

"அண்ணா, வலது காது எத்தனை நாளாக் கேக்கலீங்க?"

"யாரு சொன்னா?" ன்னு கேட்டேன்.

"யாரும் சொல்லலீங்கண்ணா. ஆயர் வலது பக்கமிருந்து மூணு தடவை கூப்புட்டாரு, நீங்க திரும்பவே இல்ல. பாட்டுல பூரா கழுத்தைத் திருப்பி இடது காதைக் காட்டிட்டு இருந்தீங்க. திடீர்னு போச்சுங்களா, கொஞ்சம் கொஞ்சமாப் போச்சுங்களா?"

"திங்கக்கிழமை. திடீர்னுதான்."

அவங்க மொகம் மாறிருச்சு. "இதுக்குச் சொட்டு மருந்து ஆகாதுங்க. நாள் தள்ளத் தள்ள மருந்து புடிக்காது. இப்பவே வாங்க."

"நாளைக்கு வாரேன் அம்மணி. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை..."

"டாக்டர்கிட்ட நான் பேசறேன். இப்பவே வாங்கண்ணா."

ரோஸ்லின் அதுக்குள்ள ஆட்டோவை நிறுத்திட்டா.

ஆஸ்பத்திரியில, வெளிச்சத்தம் நுழையாத ஒரு சின்ன ரூம்ல என்னை உக்கார வெச்சு, காதுல மெசினை மாட்டி, கையில ஒரு பட்டனைக் குடுத்தாங்க. சத்தம் கேட்டா அமுக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபராணி. இடது காதுக்குக் குடுத்தப்ப அமுக்கிட்டே இருந்தேன். வலது காதுக்கு மாத்துனாங்க. அமுக்கறதுக்கு ஒண்ணும் வரல. அவங்க சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பாக்கறது அவங்க கை அசையறதுல தெரியுது. எனக்கு ஒண்ணும் கேக்கல. அவங்க அவசரப்படல, மொகம் சுளிக்கல, விடவும் இல்ல. மறுபடி மறுபடி முயற்சி பண்ணுனாங்க. ஒரு சுருதி தப்புனதுக்கு நான் அவங்களை எப்படி நடத்துனேன்னு அந்த ரூம்ல உக்காந்து நெனச்சுப் பாத்தேன். காலையில அனுப்புங்கன்னு கேட்டேனே, கர்த்தர் யாரை அனுப்பியிருக்காருன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

டாக்டர் பாத்துட்டு, "வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் முடிஞ்சு வந்திருந்தா நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" ன்னாரு. மாத்திரையும், காதுக்குள்ள போடற ஊசியும் ஆரம்பிச்சாங்க.

மூணாவது ஊசிக்குப் போனப்ப ஜெபராணிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன்னு சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேன். அவங்க அப்படிச் சொல்லல.

"பொய் சொல்ல மாட்டேனுங்கண்ணா. ரெண்டு மாசமா உங்க மேல கோவமாத்தான் இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமைகூட, சொல்லலாமா, பேசாம ஊட்டுக்குப் போயிரலாமான்னு பெஞ்சுலயே போராடிட்டு இருந்தேன். கடைசிப் பாட்டுல ஆல்ட்டோவைப் பாத்து, இன்னும் சத்தமா, இன்னும் சத்தமான்னு கையைக் காட்டுனீங்க. அவங்க தொண்டை கிழியப் பாடிட்டு இருந்தாங்க. அதைப் பாத்துட்டு என்னால போக முடியல."

நான் முட்டி போட்டு அழுத அதே காலையில, அந்த அம்மா மனசுல கர்த்தர் வேலை செஞ்சிருக்காரு. எனக்கு இதுதாங்க பெரிய அற்புதம். காது அப்புறம்தான்.

காதும் வந்துச்சு. அஞ்சாவது வாரம், ஒரு காலையில இடது காதைத் தலகாணியில அழுத்திப் படுத்திருந்தேன். சமையல்கட்டுல மிக்ஸி ஓடற சத்தம் கேட்டுச்சு. நல்ல காது அடைஞ்சு கெடக்குது, அப்ப எதுல கேக்குதுன்னு யோசிச்சேன். எந்திரிச்சு ஓடினேன். ரோஸ்லின் தேங்காச் சட்னி அரைச்சுட்டு இருந்தா. "நிறுத்தாதே, ஓட விடு" ன்னு சொல்லி அங்கயே நின்னு அழுதேன். முழுசா வரலீங்க, மறைக்க மாட்டேன். ரொம்ப மெல்லிசான சத்தம் இன்னும் வலது பக்கம் எட்டாது. முதலாளிகிட்ட உள்ளதைச் சொன்னேன். மோட்டார் அதிர்வைக் காட்டற கருவி ஒண்ணு வாங்கி மேசையில வெச்சுக் குடுத்தாரு. வேலை போகல.

எல்லாரு முன்னால செஞ்ச தப்புக்கு எல்லாரு முன்னாலதான் மன்னிப்புக் கேக்கணும். அடுத்த பயிற்சியில ஜெபராணியைக் கூட்டிட்டு வந்து, கொயர் முன்னால நின்னு கேட்டேன். காதைப் பத்தியும் சொன்னேன். காங்கேயத்துல எண்ணெய் மில்லுல வேலை செய்யற தங்கராசு அண்ணன், பாஸ் பாடறவரு, மெதுவாச் சொன்னாரு. "மாஸ்டர், நாங்க உங்க மூஞ்சியைப் பாத்துப் பயந்துட்டேதானுங்க இத்தனை வருஷம் பாடுனோம்." அன்னிக்குப் பாடல. உக்காந்து பேசுனோம். வாரம் பூரா யாரு என்ன வேலை செய்யறாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். சோப்ரானோ பாடற ஸ்டெல்லாவைக் கத்தாதே கத்தாதேன்னு திட்டுவேன். அது சூலூர்ல தறிக்கு நடுவுல நாள் பூரா நிக்கற புள்ள. ஜெபராணி எங்க கொயர்ல எல்லாருக்கும் காது டெஸ்ட் பண்ணுனாங்க. ஸ்டெல்லாவுக்குத் தறிச் சத்தத்துல ரெண்டு காதும் மங்க ஆரம்பிச்சிருந்துச்சு. இப்பக் காதுக்கு அடைப்பு வெச்சுட்டுத்தான் தறி ஓட்டுது.

அந்த வருஷம் கீத ஆராதனையில ஜெபராணி ஆல்ட்டோவுல நின்னு பாடுனாங்க. அவங்களுக்கு இப்பவும் அப்பப்பச் சுருதி இறங்கும். நான் கையை லேசா மேல காட்டுவேன். அவங்க சிரிச்சுட்டே ஏத்திக்குவாங்க.

இதைப் படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேனுங்க. ஒடம்புல ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சும் வெளிய சொல்லாம இருக்கீங்களா? ஜெபம் பண்ணுங்க. ஜெபம் பண்ணிட்டே ஆஸ்பத்திரிக்கும் போங்க. உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் மனத்தாங்கல் இருந்தா இன்னிக்கே போய்ப் பேசுங்க. கர்த்தர் அவங்களைக்கூட உங்களுக்காக அனுப்பலாம். நம்புங்க. நம்புறவங்களை அவரு கைவிட மாட்டாரு, எனக்கு அது நல்லாத் தெரியும். எங்க சபையில வியாழக்கிழமை ஆறரை மணிக்குப் பயிற்சி. பாட வருமா வராதான்னு யோசிக்காதீங்க. வந்து நில்லுங்க, சேர்ந்து பாடலாம்.